பார்க்ஹர்ஸ்ட் போதகரின் வாழ்க்கையை எழுதியபோது எனக்கு நேர்ந்தவையும் அடுத்து எழுதுவோர் அறிந்திருக்க வேண்டியவையும்

நியூயார்க் நகரக் காவல்துறையின் ஊழலை எதிர்த்து 1892ஆம் ஆண்டில் பிரசங்கபீடத்திலிருந்து போராட்டத்தைத் தொடங்கியவர் சார்லஸ் ஹென்றி பார்க்ஹர்ஸ்ட் என்ற பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு) போதகர். அவருடைய வாழ்க்கை வரலாற்றைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்றபோது, ஓர் ஆண்டுக்குள் வேலை முடிந்துவிடும் என்று பதிப்பாளர் சொன்னார். முடிவதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் என் சேமிப்பின் ஒரு பகுதி கரைந்தது, உறக்கம் கெட்டது, வீட்டில் கசப்பு வந்தது. ஒருகட்டத்தில் இந்த மனிதரை நான் இன்னும் மதிக்கிறேனா என்ற கேள்விக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இருக்கவில்லை. நகரச் சீர்திருத்தத்தில் ஈடுபட்ட ஒரு போதகரின் வரலாற்றைத் தமிழில் எழுதியவர் எவரேனும் என் பக்கத்தில் இருந்து, இதில் எங்கெங்கே பணம் போகும், எங்கே மனம் உடையும் என்று சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும். இனி இந்த வேலைக்கு வருபவருக்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பார்க்ஹர்ஸ்ட் 1842ஆம் ஆண்டு ஏப்ரல் 17 அன்று மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாமில் பிறந்தவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1866இல் பட்டம் பெற்று, ஜெர்மனியில் ஹாலேயிலும் லைப்சிக்கிலும் படித்து, பள்ளிகளில் கற்பித்து, 1874 முதல் லெனாக்ஸ் என்ற சிற்றூரின் சபையில் ஊழியம் செய்தார். 1880இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத்துப் பிரஸ்பிட்டேரியன் சபை அவரை அழைத்தது. வசதி படைத்தவர்கள் நிறைந்த சபை அது. அங்கே பத்தாண்டுகளுக்கு மேல் அவர் அமைதியான, கற்றறிந்த ஒரு போதகராகவே இருந்தார். 1891இல் குற்றத்தடுப்புச் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகுதான் அவருடைய வாழ்க்கை திசை மாறியது. நான் நியூ ஜெர்சியில் வேலை பார்ப்பவன். வார இறுதிகளில் ஆற்றைக் கடந்து நியூயார்க் நூலகங்களுக்குப் போக முடியும் என்பதால்தான் இந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. சிறு வயது முதல் சபையில் வளர்ந்த எனக்கு, லஞ்சத்தை எதிர்த்து நின்ற ஒரு போதகரைப் பற்றி எழுதுவது ஊழியத்தின் ஒரு பங்காகவே பட்டது. அந்த ஆர்வம் இன்றும் குறையவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் அடி பணத்தில் விழுந்தது. பார்க்ஹர்ஸ்ட் தம் போராட்டத்தைப் பற்றி 1895இல் ஒரு நூலும், 1923இல் தம் நியூயார்க் வாழ்க்கையைப் பற்றி நினைவுக்குறிப்பு நூல் ஒன்றும் வெளியிட்டார். இவற்றின் பழைய பிரதிகளைப் புத்தக வியாபாரி ஒருவரிடம் பெரும் விலை கொடுத்து வாங்கினேன். 1894இல் கூடிய சட்டமன்ற விசாரணைக் குழுவின் சாட்சியத் தொகுதிகள் ஐந்து. அவற்றின் பக்கங்களைப் படியெடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு தனிநபருக்குத் தவணை தவணையாகப் பணம் அனுப்பினேன். எல்லாம் சேர்ந்து என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அத்தனையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று ஒரு நூலகர் பேச்சுவாக்கில் சொன்ன அன்று நூலகப் படிக்கட்டில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் முடிந்த நூல்கள் அடுத்த சனவரி முதல் நாளில் பதிப்புரிமைக் காலம் முடிந்து யாரும் பயன்படுத்தக்கூடியவை ஆகிவிடுகின்றன. 1923ஆம் ஆண்டு நூல் 2019இல் அப்படி விடுதலை பெற்றது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் கணக்கு. 1933இல் இறந்தவரின் எழுத்துக்கு அந்தக் காலமும் என்றோ முடிந்துவிட்டது. ஆகவே பழைய நூலுக்குப் பணம் கொடுக்கும் முன் இன்டர்நெட் ஆர்க்கைவ், ஹாத்திட்ரஸ்ட் ஆகிய இரண்டு இணைய நூலகங்களிலும் தேடிப் பாருங்கள். அன்றைய நியூயார்க் நாளிதழ்களான சன், ஈவினிங் வேர்ல்டு, டிரிப்யூன் ஆகியவற்றின் பக்கங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் நாளிதழ்த் தொகுப்பில் கட்டணமின்றித் தருகிறது. சந்தா கேட்கும் மற்றத் தொகுப்புகள் பலவற்றையும் பொது நூலகத்தின் உறுப்பினர் அட்டை ஒன்றிருந்தால் படிக்கலாம். பெயரை மட்டும் இட்டுத் தேடினால் பாதிச் செய்திகள் வாரா, ஏனெனில் தேய்ந்த அச்செழுத்தைக் கணினி பிழையாக வாசிக்கிறது. தேதியைப் பிடித்துப் போவதே வழி. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் திங்கட்கிழமை இதழில் இருக்கும் என்ற எளிய கணக்கு எனக்கு எத்தனையோ மாலைகளை மீட்டுத் தந்தது.

அப்படித் தேடவேண்டிய முதல் இதழ்கள் 1892 பிப்ரவரி 15 அன்று வந்தவை. முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை, தேர்ந்த உடையில் அமர்ந்திருந்த சபையாரின் முன்னே, நகரத்தை ஆண்டவர்களைப் பொய்யர், பொய்ச்சத்தியம் செய்பவர், மதுவில் ஊறியவர், காமுகர் என்று பார்க்ஹர்ஸ்ட் பெயர் சொல்லாமல் ஆனால் எல்லோருக்கும் புரியும்படி சாடினார். அன்று நகரம் டாமனி ஹால் என்ற ஜனநாயகக் கட்சி அமைப்பின் கையில் இருந்தது, ரிச்சர்ட் குரோக்கர் அதன் தலைவர், ஹியூ கிரான்ட் மேயர், டி லான்சி நிக்கோல் அரசு வழக்கறிஞர். வழக்குத் தொடரப் போதிய சான்று உண்டா என்று ஆராயும் குடிமக்கள் குழுவுக்குக் கிராண்ட் ஜூரி என்று பெயர். சில நாட்களில் போதகர் அதன் முன் அழைக்கப்பட்டார். உம்மிடம் சான்று என்ன என்று கேட்டபோது, நாளிதழ்களில் வந்தவற்றைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. ஜூரியினர் அவரைக் கண்டித்து அறிக்கை தந்தார்கள். ஊரே பார்த்திருக்க ஒரு போதகர் பொய்யர் என்ற பெயரோடு வீடு திரும்பினார். குண்டும் மருந்தும் இல்லாத துப்பாக்கியோடு இனி எதிரியின் முன் நிற்பதில்லை என்று முடிவு செய்ததாக அவரே பின்னாளில் எழுதினார். அவருடைய வாழ்க்கை முழுவதிலும் என்னை மிகவும் ஆட்கொண்ட இடம் இதுதான். பிரசங்கம் எவ்வளவு சத்தியமாக இருந்தாலும், கேட்பவர் கையில் கொடுக்க ஒரு காகிதம் வேண்டும் என்பதை அவர் அவமானப்பட்டுக் கற்றார். வரலாறு எழுதுபவருக்கும் விதி அதுவே. நான் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் அது எந்த இதழ், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறிக்கத் தொடங்கியது இந்த அத்தியாயத்திலிருந்துதான். பதிப்பாளரோடு தகராறு வந்தபோது என்னைக் காப்பாற்றியதும் அந்தக் குறிப்புகளே.

கண்டிக்கப்பட்ட போதகர் அடுத்துச் செய்ததை எழுதும்போது எச்சரிக்கை தேவை. சார்லஸ் கார்ட்னர் என்ற துப்பறிவாளரை இரவுக்கு 6 டாலர் கூலியும் செலவும் பேசி அமர்த்திக்கொண்டு, சபையைச் சேர்ந்த ஜான் லாங்டன் எர்விங் என்ற இளைஞரையும் கூட்டிக்கொண்டு, கந்தல் உடையில் அவர் மார்ச் மாதத்தில் இரவுகளில் நகரத்தின் மதுக்கடைகளுக்கும் அபின் கூடங்களுக்கும் விபசார விடுதிகளுக்கும் போனார். சட்டப்படி மூடியிருக்க வேண்டிய கதவுகள் திறந்திருப்பதையும், காவலர் அதைப் பார்த்தும் பாராமல் நடப்பதையும் கண்ணால் கண்டு பதிவு செய்தார். மார்ச் 13 அன்று அவர் மீண்டும் பிரசங்கபீடத்தில் ஏறியபோது கையில் பிரமாண வாக்குமூலங்கள் இருந்தன. இந்த முறை கிராண்ட் ஜூரி காவல்துறையையே கண்டித்தது. ஹாட்டி ஆடம்ஸ் என்ற விடுதிக்காரப் பெண்ணின் வழக்கில் போதகரே கூண்டில் ஏறித் தாம் கண்டதைச் சொல்ல நேர்ந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அவரை நாணம் கெட்டவராகக் காட்ட முயன்றார்கள், பத்திரிகைகளில் ஒருசாரார் கேலி செய்தார்கள். இந்த இரவுகளைப் பற்றிக் கார்ட்னரே 1894இல் ஒரு நூல் வெளியிட்டார். அது விற்பனைக்காகச் சுவை கூட்டி எழுதப்பட்டது. இரவுக் காட்சிகள் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்தாள மனம் ஆசைப்படும். நீதிமன்றச் சாட்சியத்தோடும் மறுநாள் இதழோடும் பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். கார்ட்னரின் கதையும் நேரானதன்று. 1892 டிசம்பரில் விடுதிக்காரி ஒருத்தியை மிரட்டிப் பணம் பறித்ததாகக் கைது செய்யப்பட்டு, அடுத்த ஆண்டு குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேல்முறையீடுகளில் அந்த வழக்கு நீண்டது. காவல்துறை விரித்த வலை என்று போதகரின் தரப்பு சொன்னது. இப்படிப்பட்ட வழக்கை எழுதும்போது முதல் தீர்ப்போடு நிறுத்திக்கொள்ளாமல் மேல்முறையீட்டு ஏடுகள்வரை போக வேண்டும், அதற்கான காலத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

மனத்தை வருத்திய பகுதி அதற்குப் பிறகு வந்தது. பார்க்ஹர்ஸ்ட்டின் கிளர்ச்சியும் நகர வணிகச் சபையின் வேண்டுகோளும் சேர்ந்து, 1894இல் மாநில மேலவை ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. கிளாரன்ஸ் லெக்ஸோ அதன் தலைவர், ஜான் காஃப் முதன்மை வழக்கறிஞர். குழுவுக்கான நிதி ஒதுக்கீட்டை ஆளுநர் ஃப்ளவர் தடுத்துவிட, செலவைத் தனியார் ஏற்றார்கள். அந்தத் தொகுதிகளைத் திறந்தால் மாமூல் என்பது எப்படி ஒரு முழு நிர்வாகமாக இயங்கியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். வட்டாரக் காவல் பொறுப்பாளரான கேப்டன் புதிதாக ஒருவர் வந்தால் விடுதி ஒவ்வொன்றும் 500 டாலர் கொடுத்து அவரை வரவேற்க வேண்டும், அதன்பின் மாதந்தோறும் ஒரு தொகை. நடைபாதையில் சரக்கு வைப்பவர், சோடா விற்பவர், கப்பல் கம்பெனிகள் என எவரும் தப்பவில்லை. திமத்தி க்ரீடன் என்ற காவலர் கேப்டன் பதவிக்காக 15,000 டாலர் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். அந்தப் பணம் நண்பர்களிடம் கடனாகத் திரட்டப்பட்டது என்பதைப் படித்தால், அதை அவர் எங்கிருந்து திருப்பியிருப்பார் என்பதற்கு விளக்கம் வேண்டாம். அலெக்ஸாண்டர் வில்லியம்ஸ் என்ற உயரதிகாரி தம் செல்வத்துக்குக் காரணம் ஜப்பானில் வாங்கி விற்ற மனைகள் என்று சாட்சி சொன்னார். மாக்ஸ் ஷ்மிட்பெர்கர் என்ற கேப்டன் டிசம்பரில் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

ஆனால் என்னை உறங்கவிடாமல் செய்தவர்கள் அதிகாரிகள் அல்லர். ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு யூத விதவை, தான் நேர்மையாக நடத்திய தொழிலை விபசாரம் என்று சொல்லிக் காவலர் பணம் கேட்டதையும், கொடுக்க முடியாதபோது தன்மேல் வழக்குப் போட்டுத் தன் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டதையும் குழுவின் முன் சொன்னார். அந்தப் பக்கங்களைப் படித்த இரவு நான் என் பிள்ளைகள் உறங்கும் அறை வாசலில் போய் நின்றேன். இத்தகைய சாட்சியங்களை வாரக்கணக்கில் தனியே, வேலை முடிந்த இரவுகளில், ஒரு சொல்லையும் யாரிடமும் பகிராமல் படித்து வந்தேன். எரிச்சலும் சோர்வும் சேர்ந்து வீட்டாரிடம் முகம் கொடுக்க முடியாமல் போயிற்று. என் மனைவிதான் ஒருநாள், என்ன படிக்கிறீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள் என்று எதிரே உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நிலைமை மாறியது. ஆகவே இதைச் செய்ய வருபவருக்கு உறுதியாகச் சொல்கிறேன். சாட்சியத் தொகுதிகளைப் பகலில் படியுங்கள், நாளுக்கு ஒரு சாட்சி அல்லது இரண்டு சாட்சிகளோடு நிறுத்துங்கள், படித்ததை அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சாட்சிகளின் பெயர், ஊர், தொழில், யாரிடம் எவ்வளவு கொடுத்தார் என்ற நான்கு செய்திகளைக் கட்டம் போட்ட தாளில் உடனுக்குடன் எழுதிவைத்தால் மறுபடி அந்தப் பக்கங்களுக்குப் போகவேண்டிய துன்பமும் குறையும்.

1894 நவம்பர் 6 அன்று நடந்த தேர்தலில் டாமனி வேட்பாளரான ஹியூ கிரான்ட் தோற்று, சீர்திருத்தக் கூட்டணியின் வில்லியம் ஸ்ட்ராங் மேயரானார். அடுத்த ஆண்டு தியோடோர் ரூஸ்வெல்ட் காவல் ஆணையக் குழுவின் தலைவராக வந்தார், ஜார்ஜ் வாரிங் தெருக்களைக் கூட்டித் துப்புரவாக்கினார். பெரும்பாலான கட்டுரைகள் இந்த வெற்றியோடு போதகரை வாழ்த்தி முடித்துவிடுகின்றன. அப்படி முடிக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதுவிற்பனைத் தடையை ரூஸ்வெல்ட் கண்டிப்பாக அமல்படுத்தியதும், வாரம் ஆறு நாளும் உழைத்து ஏழாம் நாள் குடும்பத்தோடு பீர் அருந்தும் வழக்கமுடைய ஜெர்மானியத் தொழிலாளர் சீர்திருத்தக் கூட்டணியை விட்டு விலகினார்கள். 1897 தேர்தலில் டாமனியின் ராபர்ட் வான் வைக் வென்றார். விசாரணையில் பெயர் கெட்டு வேலையிழந்து மீண்டும் சேர்க்கப்பட்ட வில்லியம் டெவரி 1898இல் நகரக் காவல்துறைக்கே தலைவரானார். இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சோர்வு பெரிது. இத்தனை பாடும் எதற்கு என்று தோன்றியது. பிறகு டாமனியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அயர்லாந்திலிருந்து வந்து இறங்கிய ஏழைக்கு வேலையும், குளிர்காலத்தில் நிலக்கரியும், சாவு வீட்டில் ஓர் ஆளும் அந்த அமைப்பு தந்தது. அவர்கள் வாக்களித்ததற்குக் காரணம் இருந்தது. மேடிசன் சதுக்கத்துச் சபையார் அந்த வீடுகளின் படியேறியவர்கள் அல்லர். எதிர்த்தரப்பு மக்களுக்கு என்ன தந்தது என்பதை ஓர் அத்தியாயம் ஒதுக்கி எழுதாவிட்டால், போதகர் ஏன் வென்றார் என்பதும் விளங்காது, ஏன் தோற்றார் என்பதும் விளங்காது. இதற்காக நான் தனியே பல மாதங்கள் செலவிட்டேன், அந்த மாதங்களைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

அவருடைய குறைகளை எழுதும் கட்டம் வந்தபோது என் கை தயங்கியது. விடுதிகள் மேல் கெடுபிடி கூடி, 1892ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவற்றைக் காவல்துறை மூடியபோது, அங்கிருந்த பெண்கள் போக்கிடம் இல்லாமல் தெருவில் விடப்பட்டார்கள். சிலர் போதகரின் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தங்க இடம் தேடித்தர அவர் முயன்றார் என்பது உண்மை. ஆனால் கதவுகள் மூடப்பட்டால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விக்குப் போராட்டம் தொடங்கியபோதே ஏற்பாடு இருந்திருக்க வேண்டும் என்பது என் தீர்மானம், அதை நூலிலும் அப்படியே எழுதினேன். இன்னொன்று பெண்களின் வாக்குரிமை. 1894 தேர்தலில் நகரத்துப் பெண்கள் துணை நிற்க வேண்டும் என்று அழைத்தவர் அவர். அந்த அழைப்பையொட்டி ஜோசஃபின் ஷா லோவெல் தலைமையில் பெண்களின் நகராட்சிச் சங்கம் உருவாயிற்று. அதே மனிதர் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று எதிர்த்தும் பேசினார். கூட்டம் சேர்க்கப் பெண்கள் வேண்டும், வாக்குப்பெட்டி மட்டும் வேண்டாம் என்ற இந்த நிலையை எந்தச் சொல்லால் மூடினாலும் அது மூடப்படாது. நான் மதித்து வந்த ஒருவரைப் பற்றி இதை எழுதிய வாரம் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. எழுதி முடித்தபின், அவர்மேல் இருந்த மதிப்பு வேறு வடிவில் திரும்பி வந்தது. சபையில் உள்ள செல்வர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் காவல்துறையைத் தனியொருவராக எதிர்த்த துணிவு குறைகளால் அழிந்துவிடுவதில்லை.

இந்தக் கைப்பிரதியை அனுப்பிய பிறகுதான் பதிப்பாளரோடு சிக்கல் வந்தது. சபைகளில் விற்கும் நூல் என்பதால் இரவுப் பயணங்களைச் சுருக்க வேண்டும், விடுதிப் பெண்களின் பகுதியையும் வாக்குரிமைப் பகுதியையும் முழுதாக எடுத்துவிட வேண்டும், 1894 வெற்றியோடு நூலை முடிக்க வேண்டும் என்று சொன்னார். அச்சுச் செலவில் ஒரு பங்கை முன்பணமாக நான் ஏற்கெனவே கொடுத்திருந்தேன். பிள்ளைகளின் படிப்புக்கென்று வைத்திருந்த பணம் அது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, நம்பிக்கையின் பேரில் நடந்த பேச்சு மட்டுமே இருந்தது. நான் மறுத்ததும் கடிதங்களுக்குப் பதில் வருவது நின்றது. பெரிய வற்புறுத்தலுக்குப் பின் பாதிக்கும் குறைவான தொகை திரும்பி வந்தது. கோபத்தைவிட அவமானமே அதிகமாக இருந்தது. ஊரில் உள்ள உறவினர்களிடம் நூல் வருகிறது என்று சொல்லியிருந்தேன், விசாரித்தவர்களுக்கெல்லாம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. எழுத்தாளர் பணம் கொடுக்கும் முறையில் ஒப்புக்கொள்ளவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சிறு பதிப்பகங்களின் நிலைமை அப்படி. ஆனால் கைப்பிரதியில் மாற்றம் செய்ய ஆசிரியரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், நூல் குறித்த தேதிக்குள் வராவிட்டால் முழுத்தொகையும் திரும்ப வேண்டும், எத்தனைப் பிரதிகள் அச்சிடப்படும், எவை யாருக்குச் சேரும் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்ட பின்னரே பணத்தைக் கொடுங்கள். மதம் சார்ந்த பதிப்பகமானால், குறைகளையும் எழுதுவேன் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லி, மாதிரிக்கு அப்படிப்பட்ட ஓர் அத்தியாயத்தையே முதலில் கொடுங்கள். அவர் மறுப்பதானால் அங்கேயே மறுத்துவிடுவார், நான்கு ஆண்டுகள் போகாது. பின்னர் வேறொரு சிறிய பதிப்பாளர், பக்கத்துக்குப் பக்கம் நான் வைத்திருந்த சான்றுக் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, ஒரு வரியும் நீக்காமல் எடுத்துக்கொண்டார்.

இடங்களை நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மேடிசன் சதுக்கத்தில் அவருடைய சபைக் கட்டடம் எதுவும் இப்போது இல்லை. அவர் 1892இல் பேசிய பழைய ஆலயத்தின் மனையை மெட்ரோபொலிட்டன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது, 1909இல் எழுந்த அதன் மணிக்கூண்டுக் கோபுரம் அங்கே நிற்கிறது. 24ஆம் தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஸ்டான்ஃபர்ட் வைட் வடிவமைத்து 1906இல் திறக்கப்பட்ட அழகிய குவிமாட ஆலயமும் 1919இல் இடிக்கப்பட்டது. சபை 1918இல் வேறு இரண்டு சபைகளோடு இணைந்தபோது பார்க்ஹர்ஸ்ட் ஓய்வு பெற்றார். அந்தச் சதுக்கத்தில் நிற்பதற்காக விடுப்பெடுத்துச் செலவு செய்வதைவிட, சேம்பர்ஸ் தெருவில் உள்ள நகராட்சி ஆவணக் காப்பகத்துக்குப் போவதே பயன். கிரான்ட், கில்ராய், ஸ்ட்ராங் ஆகிய மேயர்களின் கடிதங்களும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் பழைய வழக்குக் கோப்புகளும் அங்கே உள்ளன. போகும் முன் எந்தப் பெட்டி வேண்டும் என்பதை எழுதிக் கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாள் முழுவதும் காத்திருந்து வெறுங்கையோடு திரும்ப நேரும்.

பார்க்ஹர்ஸ்ட் 1933 செப்டம்பர் 8 அன்று, தம் 91ஆம் வயதில், நியூ ஜெர்சிக் கடற்கரையில் உள்ள வென்ட்னர் வீட்டில் தூக்கத்தில் நடந்து, தாழ்வாரத்துக் கூரையிலிருந்து விழுந்து இறந்தார். இந்த இறப்பில் பொருள் தேடி அத்தியாயம் எழுதுபவர்கள் உண்டு. முதியவர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தாக அதை இரண்டு வரிகளில் சொல்லிவிட்டு நான் நகர்ந்தேன். நான் செய்யாமல் விட்டது ஒன்று இருக்கிறது. 1892 முதல் 1894 வரை அவருடைய போராட்டத்தின் பெயரால் கைதான, சாட்சி சொன்ன, தெருவில் விடப்பட்ட பெண்களின் வழக்குக் கோப்புகளை ஒருவர் முழுதாகப் படித்து அவர்கள் பக்கத்திலிருந்து எழுத வேண்டும். அந்தக் கோப்புகளில் சிலவற்றைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. பார்த்தவரை நான் எடுத்த குறிப்புகளையும் சாட்சிகளின் அட்டவணையையும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். எழுத முன்வருபவர் யாராயிருந்தாலும் அவரிடம் எதுவும் வாங்காமல் அவற்றைக் கொடுப்பேன்.